மூலை நாற்காலிக்கு எதிரே

நூலகத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வாசகர்களைப் பேச வையுங்கள் என்று அதில் இருந்தது. எங்கள் நூலகத்தின் நான்கு சுவரிலும் 'அமைதி' என்று எழுதி மாட்டியிருக்கிறோம். பேச வைக்க எனக்குத் தெரிந்த வழி எழுத வைப்பதுதான்.

வாசலருகே ஒரு தக்கைப் பலகை வைத்தேன். திங்கட்கிழமைதோறும் அதில் ஒரு கேள்வி. கீழே ஒரு பெட்டி, ஒரு பென்சில், ஒரு கட்டு அட்டை.

அட்டைகள் பழையவை. கணினி வருவதற்கு முன் புத்தகத்துக்கு ஒன்றாக இழுப்பறைகளில் இருந்தவை. முன்பக்கம் புத்தகத்தின் பெயர், எண், நூலகத்தின் முத்திரை. பின்பக்கம் வெறுமை. அதில் பதில் எழுதிப் பெட்டியில் போடலாம். பெயர் எழுதக் கூடாது. அது ஒன்றுதான் விதி.

"நம்ம ஆளுங்ககிட்ட கேள்வி கேட்டா பதில் வராது மேடம். இன்னொரு கேள்விதான் வரும்" என்றார் முத்திரை.

புத்தகம் கொடுக்கும் மேசையில் அவர் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். தேதி முத்திரை குத்துவது அவர் வேலை. கணினி வந்த பிறகு அது தேவையில்லை. இருந்தும் குத்துகிறார். அதனால் அந்தப் பெயர்.

முதல் வாரக் கேள்வி: எதைப் படிக்காமலே படித்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள்? நாற்பத்தோரு பதில்கள். ஒருவர் 'என் கல்யாணப் பத்திரிகை' என்று எழுதியிருந்தார். இரண்டாம் வாரம்: இரவல் போய்த் திரும்பாதது எது? 'புத்தகம் வந்துவிட்டது, நண்பன் வரவில்லை' என்று ஒரு அட்டை.

மூன்றாம் வாரத்தில் அந்தக் கையெழுத்து வந்தது. பொடி எழுத்து. பென்சிலை அழுத்தியிருந்ததில் அட்டையின் மறுபக்கம் தடவினால் விரலில் தட்டியது.

கேள்வி, நூலகத்தில் ஒரு ராத்திரி உங்களை வைத்துப் பூட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது. தூங்குவேன், பேய்க்கதை படிப்பேன், நூலகரின் பிஸ்கட்டைத் தின்பேன் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அந்த அட்டையில் இருந்தது: 'உள்பக்கமும் தாழ்போடுவேன்.'

முத்திரை சிரித்தார். நானும்தான். பலகையின் நடுவில் குத்தினேன்.

அடுத்த வாரம்: ஒரு புத்தகத்துக்குள் போய் வாழலாம் என்றால் எந்த இடம்? 'ஒரு அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் இருக்கும் வெள்ளைத் தாள்.'

அதற்கடுத்த வாரம்: நூலகத்தில் ஒரு பொருளை ஒளிப்பதென்றால் எங்கே? 'யாரும் எடுக்காத புத்தகத்தில்.' இவற்றையும் பலகையில் குத்தினேன்.

எழுதுவது யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை பதினொரு மணிக்கு வருவாள். ஜன்னலோர மூலை நாற்காலி. கைப்பை மடியிலேயே இருக்கும். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பாள். பதினொன்று நாற்பதுக்கு எழுந்துவிடுவாள். உறுப்பினர் இல்லை. எதையும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. ஒருநாள் பெட்டியருகே பென்சிலோடு பார்த்தேன். அவளிடம் சொல்லவில்லை. நல்ல வாசகர் கிடைத்தால் தொந்தரவு செய்யக் கூடாது.

அவளுடைய கடைசிப் பதில் எனக்கு ஒரு யோசனை கொடுத்தது. யாரும் எடுக்காத புத்தகம் எது என்று கணினியில் தேடினேன். பத்தொன்பது வருடமாக ஒரு புத்தகம் வெளியே போகவில்லை. ஆறுகளின் நீர்மட்ட அளவீடு, முதல் தொகுதி. செங்கல் கனம். பக்கம் பக்கமாக எண்கள். பின் அட்டையின் உள்ளே துணிப் பை, அதில் மடித்த வரைபடம். அலமாரியிலிருந்து எடுத்து வாசலருகே சின்ன மேசையில் நிறுத்தினேன். மேலே எழுதி வைத்தேன்: 'பத்தொன்பது வருடமாக என்னை யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப்போக யாருக்குத் துணிச்சல்?'

புத்தகத்தில் தூசி இல்லை. கவனித்தேன். யோசிக்கவில்லை.

அது திங்கட்கிழமை. அன்று மதியம் ஒருவர் வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகையில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எதற்கும் சிரிக்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டியல் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது உங்க இடத்துதுதானே மேடம்? எங்க வீட்ல கிடந்துச்சு. முத்திரை இருக்கு, பாருங்க."

"எங்களோடதுதான் சார். கொண்டுவந்து கொடுத்தீங்களே, சந்தோஷம்."

அட்டையின் பின்பக்கம் அடித்துத் திருத்திய ஒரு வரி. பொடி எழுத்து. பதிலை வீட்டில் எழுதிப் பார்க்கிற அளவுக்கு என் கேள்விகள் போயிருக்கின்றன என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் பலகையின் நடு அட்டையைக் காட்டினார். "இந்த எழுத்து நல்லா இருக்கு. யாரு எழுதறது?"

"பேர் எழுதக் கூடாது சார், விதி."

"சும்மா கேட்டேன். ரசிகன்னு வச்சுக்குங்களேன்."

"பேர் எனக்கே தெரியாது. புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவாங்க. அதோ, அந்த மூலை நாற்காலிதான் அவங்க இடம்."

வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்லும் தாய்போலச் சொன்னேன். அவர் நாற்காலியைப் பார்த்தார். அங்கே போய் அதன் முதுகைத் தொட்டார். திரும்பி வந்து உறுப்பினர் ஆனார்.

அந்த வாரக் கேள்வி, நூலகத்தில் உங்களுக்குப் பிடித்த இடம் எது என்பது. ஒரு அட்டை எடுத்து நிதானமாக எழுதிப் பெட்டியில் போட்டார். சின்ன மேசையில் இருந்த நீர்மட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முத்திரையிடம் போனார்.

"துணிச்சல்காரர் வந்துட்டார் மேடம்!" என்றார் முத்திரை.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். அவர் அட்டையில் இருந்தது: 'மூலை நாற்காலிக்கு எதிர் நாற்காலி.' அதையும் பலகையில் குத்தினேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் வந்தாள். நான் எழுந்தே போனேன்.

"உங்களுக்கு ஒரு ரசிகர் கிடைச்சிருக்கார்மா."

அவள் பலகையைப் பார்த்தாள். எதிர் நாற்காலி அட்டையில் அவள் கண் நின்றது.

"எப்படி இருந்தாரு?"

"மடிப்புக் கலையாத சட்டை. ரொம்ப மரியாதையான ஆளு."

"மரியாதையாத்தான் இருப்பாரு. வெளியில." குரல் இறங்கிவிட்டது. "என்னக்கா சொன்னீங்க அவர்கிட்ட?"

சொன்னேன். நாள், மணி, நாற்காலி, எல்லாம். சொல்லச் சொல்லத்தான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது.

அவள் பின்வரிசை அலமாரிக்கு ஓடினாள். இரண்டாம் தொகுதி இருந்தது. பக்கத்தில் ஒரு செங்கல் அகல இடைவெளி.

"இங்க இருந்த புத்தகம் எங்க?"

"அவர் எடுத்துட்டுப் போயிட்டாரு. திங்கட்கிழமை."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு பேசினாள். "அதுலதான் என் சான்றிதழ் இருக்கு. பாஸ்போர்ட் இருக்கு. வீட்ல எங்க வச்சாலும் தேடி எடுத்துருவாரு. அதான் இங்க வச்சேன். வரைபடத்தை எடுத்து ரெண்டாம் தொகுதிக்குள்ள போட்டுட்டு, அந்தப் பைக்குள்ள வச்சேன். வெள்ளிக்கிழமை கிளம்பறதா இருந்தேன். போன தடவை கிளம்பினப்போ அவர் என்ன செஞ்சார்னு காட்டட்டுமா?"

கடிகாரத்தை அவிழ்த்தாள். எதற்கு உள்பக்கமாகக் கட்டியிருந்தாள் என்று பார்த்தேன். பட்டையாக ஒரு தழும்பு. பழையது.

"ரெண்டு நாளா எதுவும் பேசலையே அவரு. சிரிச்ச முகமாவே இருந்தாரே" என்றாள் தனக்குத்தானே.

நான் முத்திரையிடம் ஓடினேன். "அண்ணா, அந்த நீர்மட்டப் புத்தகம். கொடுக்கும்போது பின்னாடி பையில என்ன இருந்துச்சு?"

"வரைபடம்தான். வேற என்ன இருக்கும்?"

"பார்த்தீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? வரைபடம் வெளியே போகக் கூடாது. பையில இருக்கறத உருவி உறையில போட்டு இழுப்பறையில வைக்கணும், புத்தகத்தை மட்டும் கொடுக்கணும். இருபத்திரண்டு வருஷமா அப்படித்தானே செய்யறேன்? கொஞ்சம் கனமாத்தான் இருந்துச்சு. ஊர்ல ஆறு ஜாஸ்தின்னு நினைச்சேன்."

இழுப்பறையைத் திறந்தேன். பழுப்பு உறை. மேலே புத்தகத்தின் எண், தேதி முத்திரை. உள்ளே நான்காக மடித்த சான்றிதழும் பாஸ்போர்ட்டும்.

அப்படியானால் வீட்டில் அவர் திறந்தபோது பை காலியாக இருந்திருக்கும்.

அவள் உறையைக் கைப்பையில் திணித்தாள். "பன்னிரண்டுக்கு ஒரு பஸ் இருக்கு. அதுக்கப்புறம் நாலு மணிக்குத்தான். இங்கேர்ந்து எங்க போறேன்னா..."

"வேண்டாம்" என்றேன். "என்கிட்ட சொல்லாதீங்க."

அப்போது வாசல் கதவு கிறீச்சிட்டது. கண்ணாடியில் வெள்ளைச் சட்டை. கையில் அந்தப் புத்தகம்.

புத்தகங்கள் வந்து இறங்கும் அறைக்குப் பின்வாசல் உண்டு. அவளைத் தோளைப் பிடித்து அங்கே தள்ளி, கதவைச் சாத்தினேன். மணி பதினொன்று பதினைந்து.

அவர் முதலில் மூலை நாற்காலியைப் பார்த்தார். காலி. பிறகு கூடம் முழுக்கப் பார்த்தார். புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"இதுல ஒரு வரைபடம் இருக்கணும்னு போட்டிருக்கு. என் கைக்கு வரலையே."

"வரைபடம் வெளியே போகாது சார். இங்கேயே பார்க்கலாம்."

"அப்ப கொடுங்க. பார்க்கறேன்."

"விண்ணப்பம் எழுதணும்."

முத்திரையிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்திருந்தார். ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். வெள்ளைச் சட்டைக்காரர் எழுதியதும் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கையெழுத்து கட்டத்தைத் தாண்டிருச்சே சார். வேற படிவம்தான் போடணும்."

"இதெல்லாம் ஒரு விஷயமா?"

"தணிக்கைக்காரங்க வந்தா என் தலைதான் சார் உருளும்."

இரண்டாவது படிவத்தில் உறுப்பினர் எண் விட்டுப்போயிருந்தது. மூன்றாவது சரியாக இருந்தது. அதற்குள் நான் பின்வரிசைக்குப் போய் இரண்டாம் தொகுதியிலிருந்து வரைபடத்தை எடுத்து, ஒரு பழுப்பு உறையில் போட்டேன். ஈரத் துணியால் மேசையைத் துடைத்தேன். ஈரம் காயவேண்டும் என்றேன். காய்ந்தது. உறையைக் கொடுத்தேன். பதினொன்று முப்பத்திரண்டு.

அவர் உறைக்குள் விரலை விட்டு மூலைமூலையாகத் தடவினார். வரைபடத்தைத் தவிர ஒன்றும் இல்லை. பதினாறு மடிப்பு. விரித்தபோது மேசையை மூடியது. நீலக் கோடுகள். ஒரு கோட்டின்மேல் விரலை வைத்துக் கடல்வரை கொண்டுபோனார்.

"இன்னிக்கு அவங்க வரலையா?"

"யாரு சார்?"

"சொன்னீங்களே. மூலை நாற்காலி."

"எல்லா வாரமும் வருவாங்கன்னு சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார். "நான் கிளம்பறேன்."

"மடிச்சுக் கொடுத்துட்டுப் போங்க சார். வரைபடத்தைச் சரிபார்க்காம வாசகரை அனுப்பக் கூடாது."

அவர் மடித்தார். தப்பு. பழைய மடிப்புக்கு எதிராக மடித்திருந்தார். முழுவதும் விரித்தேன். "இந்த மடிப்பு மேல வரணும்." மறுபடி மடித்தார். சட்டையை இஸ்திரி போடுகிறவர் அவர் இல்லை என்று தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"பின்பக்கம் வழி இருக்கா மேடம்?"

"இருக்கு. பணியாளர்களுக்கு மட்டும்."

"எந்தத் தெருவுக்குப் போகும்?"

"இந்த ஓரம் சேரலை பாருங்க. திரும்பப் பிரிங்க."

அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு, எல்லா நேரமும் தன்னுடையது போல, வரைபடத்தை ஒரு பிசிறில்லாமல் மடித்து என் கையில் வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

"உங்களுக்கு விதி மேல ரொம்பப் பிடிப்பு" என்றார். "திங்கட்கிழமை அது தெரியலையே."

கதவு சாத்திக்கொண்டது. முத்திரை என் பக்கம் தண்ணீர் பாட்டிலைத் தள்ளினார். "போலீஸ்ல சொல்லலாமா மேடம்?"

"என்னன்னு? வரைபடத்தை அழகா மடிச்சார்னா?"

அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. அவள் பஸ் ஏறினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு புதன்கிழமையும் பதினொரு மணிக்கு அவர் வருகிறார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காலி நாற்காலியைப் பார்க்கிறார். நாற்பது நிமிடம். அவள் அகப்பட்டிருந்தால் வரமாட்டார். அவர் வருகிற வரை அவள் நன்றாக இருக்கிறாள் என்று நான் கணக்குப் போட்டிருக்கிறேன்.

கேள்விகளை நிறுத்திவிட்டேன். பெட்டியை மட்டும் எடுக்கவில்லை. போன புதன் அவர் போன பிறகு அதில் ஏதோ கிடந்தது. ஒரு அட்டை. நேரான, பெரிய எழுத்து.

'இந்த வாரக் கேள்வி: நூலகர் எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகிறார்?'

முத்திரை அதை வாங்கிப் படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பஸ் நிறுத்தம்வரை என்கூட நடந்துவருகிறார். என் கணவர் வீட்டுப் பூட்டை மாற்றியிருக்கிறார்.

இன்று புதன். பத்து மணிக்குத் திறந்ததும் அந்த அட்டையைப் பலகையின் நடுவில் குத்தினேன். கீழே மையில் எழுதினேன்: எழுதியவரின் பெயர், உறுப்பினர் எண், வந்த தேதி, நேரம். பெயர் எழுதக் கூடாது என்ற விதியைப் போட்டது நான்தான். அட்டையின் ஓரத்தில் முத்திரை தேதி குத்தினார்.

வருகிறவர்கள் நின்று படித்தார்கள். ஒருவரும் கேலி பேசவில்லை. செய்தித்தாள் படிக்க வரும் கிழவர் பலகையை இரண்டுமுறை படித்துவிட்டு, போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக அவர் அங்கே உட்காருவதில்லை.

பதினொரு மணிக்குக் கதவு கிறீச்சிட்டது.