தொப்பி குடித்த மருந்து

டாக்டரம்மா அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எண்ணிக்கை இறங்கவே மாட்டேங்குதே. களிம்பை தினமும் தோள்லதானே தேய்க்கிறீங்க?"

"சத்தியமா தோள்லதான் டாக்டர்," என்றார் பஸ் டிரைவர்.

பக்கத்தில் அவர் மனைவி இருந்தாள். தையல்காரி அவள். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து கருத்தடை மாத்திரை விழுங்குகிறாள். மாத்திரையோடு தலைவலி இலவசம். வலிக்கிறதென்று சொன்னால், "பழகிடும்" என்பார் டிரைவர். ஆண்களுக்கான இந்தப் புதுக் களிம்பு வேலை செய்து, அவருடைய விந்தணு எண்ணிக்கை இறங்கிவிட்டால், அவள் மாத்திரையை நிறுத்திவிடலாம். அந்த நாளுக்காகத்தான் புருஷனைக் கெஞ்சிக் கூத்தாடி இந்தச் சோதனைக்கு இழுத்து வந்தாள்.

சோதனையில் கூடச் சேர்ந்த மற்ற ஆண் சூரப்புலிகள் எல்லாம் ஏற்கெனவே ஓடிவிட்டார்கள். ஒருவருக்கு மூக்கில் பரு. ஒருவருக்கு மனசு சரியில்லையாம். இன்னொருவரை அவர் அம்மா வந்து கூட்டிப் போனார்.

"மருந்துலதான் கோளாறு போல. இதோட கடையைக் கட்ட வேண்டியதுதான்," என்றார் டாக்டரம்மா.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் பிசுக்குப் போகாத டிரைவர் தொப்பி! எட்டி அவர் தலையிலிருந்து பறித்தாள். வழுக்கை பளபளத்தது.

"ஆம்பளை ஹார்மோன்னு சொன்னாங்களா... முடி முளைக்கும்னு நெனச்சேன்," என்று தரையைப் பார்த்துச் சொன்னார் அவர்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. இந்த மனுஷன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேயே போட்டுவிட்டார்.

டாக்டரம்மா தொப்பியை முகர்ந்தார். "மருந்தெல்லாம் இதுதான் குடிச்சிருக்கு. தொப்பிக்கு இனிமே பிள்ளை பிறக்காது."

அவள் சிரிக்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "இத்தனை வருஷமா நான் மாத்திரையை முழுங்குனேனா, இல்ல ஜடையில வச்சுப் பின்னிக்கிட்டேனா?"



மறுநாளிலிருந்து கையுறை மாட்டிக்கொண்டு அவளே அவர் தோளில் தேய்த்தாள். எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. மாத்திரையை நிறுத்தச் சொன்ன அன்று, டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து டிரைவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார். "லேசா தலை வலிக்குது. நிறுத்திடலாமா?"

தன் தலைவலிக்குக் கட்டிக்கொண்டிருந்த துணியைத் தேடி எடுத்து வந்து, அவர் வழுக்கையைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"பழகிடும்," என்றாள்.