படையலில் வைக்காத பாட்டில்

எங்கள் தெருவில் கிழவிகள் உண்டு, கிழவர்கள் கிடையாது. நெடுஞ்சாலையில் கூடாது என்று பிராந்திக் கடையைத் தூக்கி எங்கள் தெருமுக்கில் வைத்தார்கள். அதிலிருந்து இங்கே ஆம்பிளைகளுக்குத் தலை நரைக்க நேரமில்லை. எல்லாம் களக்காட்டுத் தோட்டங்களில் வாழைத்தார் சுமந்த உடம்புகள். ஒவ்வொருத்தராக வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தார்கள்.

முதலில் என் வீட்டுக்காரரின் அண்ணன் போனார். வருசம் திரும்பியதும் படையல் போட்டோம். செத்தவருக்குப் பிடித்ததை வைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம். அவருக்குப் பிடித்தது குவாட்டர்தானே, அதையும் வைத்தோம். கதவைத் திறந்ததும் என் வீட்டுக்காரர் பரமசிவன், "அண்ணன் மிச்சம்லா, வீணாக்கக் கூடாது" என்று எடுத்துக் குடித்தார். அன்றைக்குத் தொட்டவர் பிறகு விடவேயில்லை. இப்போது அவருக்கே வருசம் திரும்பிவிட்டது.

என் மகன் பெருமாள்ராஜுக்கு இருபது வயது. இன்னும் அந்தக் கருமத்தைத் தொட்டதில்லை. அதனால் இந்தத் தடவை பாட்டில் வைக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"வைக்காட்டி அண்ணன் ஆசையோட அலையுவான் மைனி" என்றான் கொழுந்தன்.

"அலையட்டும். உயிரோட இருக்கையிலயும் கடைக்கும் வீட்டுக்கும் அலைஞ்ச மனுசந்தான."

மகன் அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சோறு, மீன்குழம்பு, வடை, டம்ளரில் தண்ணீர் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வாசலில் கண்ணை மூடி நின்றோம்.

உள்ளே டம்ளர் நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு செருமல். குடித்து முடித்ததும் அவர் செருமுவாரே, அதே செருமல். கொழுந்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோசமாகவும் இருந்தது. மனுசன் வந்துவிட்டாரே.

கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற மகனைக் காணவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். புறவாசல் திறந்து கிடந்தது. படத்துக்கு முன்னால் பெருமாள்ராஜ் உட்கார்ந்திருந்தான். மடியில் காலி பாட்டில்.

"அப்பா பாவம்லாம்மா. அதான் ஒனக்குத் தெரியாம பைய வாங்கியாந்து வச்சேன். மிச்சத்த வீணாக்கக் கூடாதுல்லா" என்றான்.

சொல்லிவிட்டு மறுபடியும் செருமினான்.