நாடி பிடித்த கை

வலது கை சட்டைக்குள் எளிதாகப் போய்விட்டது. இடது கைதான் வரவில்லை. மேகலா கட்டிலின் மேல் மண்டியிட்டு, கணவரைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, சட்டைக் கைக்குள் தன் கையை விட்டு அவருடைய விரல்களைத் தேடிப் பிடித்து இழுத்தாள். குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல. அவர் தலை அவள் தோளில் புரண்டு கன்னத்தில் இடித்தது. விரல்கள் இன்னும் சூடாகத்தான் இருந்தன.

காலையில் எழுந்து அவர்தான் டீ போட்டார். அறையில் இருந்த கெட்டிலை எப்படித் திறப்பது என்று அதோடு கொஞ்ச நேரம் சண்டை போட்டுவிட்டு, இரண்டு கோப்பையோடு பால்கனிக்கு வந்தார். ராத்திரி சாப்பிட்ட பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கேஸ் மாதிரி கீது" என்று சோடா கேட்டவர், காலையில் நன்றாகத்தான் இருந்தார். மேகலா குளிக்கப் போனாள். கூரையிலிருந்து மழைபோலக் கொட்டும் ஷவரை எப்படி நிறுத்துவது என்று முதலில் தெரியவில்லை. தெரிந்த பிறகு நிறுத்த மனம் வரவில்லை. தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கிருஷ்ணராஜ் கட்டிலில் குறுக்காகக் கிடந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். ஏசியின் சத்தம்தான் கேட்டது.

கத்த வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

இது லாட்ஜ். செங்கல் தெரியும் சுவரும், செம்பில் வாஷ்பேசினும், வாசலில் மூங்கில் தொட்டியுமாக எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் லாட்ஜ் லாட்ஜ்தான். லாட்ஜில் சாவு என்றால் போலீஸ் வரும். மேகலாவின் தம்பி கோபி வேலைக்குப் போன இடத்தில் ஒரு லாட்ஜில் செத்தான். மாரடைப்புதான். ஆனாலும் கேஸ் ஆகி, போஸ்ட்மார்ட்டம் செய்தார்கள். மூன்றாம் நாள் வெள்ளைத் துணியில் சுருட்டி, முகம் மட்டும் தெரிய, வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். தண்ணீர் ஊற்றவாவது கட்டைப் பிரிக்கலாமா என்று அம்மா கேட்டாள். "பிரிக்காதீங்கம்மா, தெச்சி வெச்சிருக்கு" என்றான் கூட வந்த ஆள். அன்றைக்குச் சுடுகாட்டிலிருந்து திரும்பி, ஈரத்துணியோடு வாசலில் நின்றபடியே கிருஷ்ணராஜ் சொன்னார்.

"மேகலா, ஷூ கம்பெனில ஆயுசு பூரா தோல் வெட்டிகினு இருக்கறவன் நான். என் தோல்ல ஒருத்தனும் கத்தி வெக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

பாதி விளையாட்டு. அவள் சரி என்று சொல்லியிருந்தாள்.

மெத்தையில் கிடந்த போன் அதிர்ந்தது. பெங்களூரிலிருந்து மகள் யோகலட்சுமி. 'ரூம் எப்படி இருக்கு? அப்பா என்ன சொல்றாரு? போட்டோ அனுப்பும்மா.' அப்பா ரிட்டையர் ஆனதற்கு அவள் கொடுத்த பரிசு இது. ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும்தானே வேலூருக்குப் போயிருக்கிறீர்கள், ஒரு தடவை சும்மா போய்த் தங்கிவிட்டு வாருங்கள் என்று சண்டை போட்டு அனுப்பினாள். அப்பா என்ன சொன்னார்? நேற்று கட்டிலின் தலைமாட்டைத் தட்டிப் பார்த்து, "ரெக்ஸினு! இதுக்குப் போய் இவ்ளோ வாடகையா?" என்று சிரித்தார். பஜாரின் விளக்குகளைப் பார்த்தபடி வெகுநேரம் பால்கனியில் நின்றார். மேகலா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வாஹித் பாஷா மேல்விஷாரத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தார். கிருஷ்ணராஜோடு ஒரே கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர். போனில் அவள், "உடனே வாங்க பாய், யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். கதவுக்குள் நுழைந்து கட்டிலைப் பார்த்தவர், உதட்டுக்குள் ஏதோ ஓதினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாருக்காவது தெரிஞ்சா பேஜாராயிடும் தங்கச்சி."

"வெட்டக் கூடாதுன்னாரு பாய்."

வாஹித் பாஷா தலையை ஆட்டினார். "எங்க ஆளுங்களும் வெட்ட வுட மாட்டாங்க" என்றார். "கீழ வீல்சேர் ஒண்ணு பாத்தேன். மயக்கம்னு சொல்லி எடுத்தாறேன்."

ஆஸ்பத்திரிக்கென்றே ஜனம் வரும் வேலூரில் எந்த ஓட்டலிலும் சக்கர நாற்காலி இருக்கும். இந்த ஓட்டலில் அதை மூங்கில் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதில் மடங்கி உட்கார்ந்து போகிறவரை இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாஹித் பாஷா அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். மேகலா கால்களைப் பிடித்தாள். வாய் திறந்துகொள்ளாமல் தாடையோடு சேர்த்து மப்ளரைச் சுற்றினாள். சால்வையால் போர்த்தி, நாற்காலியின் முதுகோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

லிப்ட் கதவு திறந்ததும் தோசையின் மணம் வந்தது. கீழ்க்கூடம் நிறைய ஜனம். ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள் பட்டுப்புடவையோடு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கிருந்தோ பாட்டு ஒலித்தது. தரை வழவழவென்று இருந்ததால் நாற்காலி தானாகவே முன்னால் ஓடியது.

"ஆன்ட்டி! அங்கிளுக்கு இன்னா ஆச்சு?"

வரவேற்பு மேஜையிலிருந்த சானியா எழுந்து ஓடி வந்தாள். நேற்று அவர்களுக்கு அறையைக் காட்டியவள் இவள்தான்.

"பிரஷர் கம்மியாயிடுச்சிம்மா. அப்பப்ப வர்றதுதான்."

"ஆஸ்பத்திரி பக்கத்துலதான ஆன்ட்டி? நான் போன் பண்ணா ஸ்ட்ரெச்சரோட வருவாங்க. நாங்க டெய்லி பண்றதுதான்." அவள் கை போனுக்குப் போயிருந்தது.

"வேணாம்மா. எங்க டாக்டர் ஆம்பூர்ல கீறாரு."

"ஆம்பூரா? இப்படியேவா? ஐயோ, வேணாம் ஆன்ட்டி..."

அந்தப் பெண்ணின் நல்ல மனசைப் பார்க்கப் பார்க்க மேகலாவுக்குப் பயம் கூடியது. நாற்காலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். வாஹித் பாஷா நாற்காலியைத் தள்ளவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் நின்றார். பக்கத்து மேஜையில் இட்லி தின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி எழுந்து வந்தார். "நான் நர்ஸு. தள்ளுங்க" என்றார். அவருடைய கணவர் பின்னாலிருந்து, "ஹெலன், கையக் கழுவிட்டுப் போயேன்" என்றார். ஹெலன் காதில் வாங்கவில்லை. டிஷ்யூவில் விரலைத் துடைத்துக்கொண்டு, சால்வைக்குள்ளிருந்து கிருஷ்ணராஜின் கையை எடுத்து, மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சட்னி கேட்டார்கள். ஹெலன் விரலை எடுக்கவே இல்லை. குனிந்து மப்ளரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். நிமிர்ந்து மேகலாவைப் பார்த்தார்.

மேகலா கைகூப்பவில்லை. கண்ணை மட்டும் எடுக்காமல் நின்றாள்.

"பல்ஸ் இருக்கு" என்றார் ஹெலன், சானியாவுக்குக் கேட்கும்படி. "லைட்டா இருக்கு. அவங்க டாக்டர்கிட்டயே போகட்டும், வழிய வுடும்மா." மப்ளரைப் பழையபடி சரிசெய்து, கையைச் சால்வைக்குள் வைத்து மூடினார். பிறகு திரும்பிப் பார்க்காமல் இட்லித் தட்டுக்குப் போனார்.

காரின் பின்சீட்டில் மேகலா கிருஷ்ணராஜைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தெருவில் பழவண்டிகளும் ஆட்டோக்களும் ஸ்கேன் கவரைக் கையில் பிடித்த வெளியூர்க்காரர்களுமாகக் கூட்டம் நெரிந்தது. கார் ஊர்ந்தது.

"பாய்."

"சொல்லு தங்கச்சி."

"பல்ஸ் இருக்குன்னாங்களே."

வாஹித் பாஷா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "நமக்காகச் சொன்னாங்கம்மா."

"எப்படித் தெரியும்?"

அவர் முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஹாரன் அடித்தார்.

"தூக்கும்போது நீங்க பாத்தீங்களா? நெஞ்சத் தொட்டு, மூக்குல கை வெச்சு..."

"நான் பாக்கல தங்கச்சி." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "நீ சொன்ன. நம்பிட்டேன்."

அப்படியென்றால் யாருமே பார்க்கவில்லை. அவள் ஒருத்தி பார்த்தாள், அதுவும் ஏசி சத்தத்தில், தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட. ஒரு நர்ஸ் பார்த்து, இருக்கிறது என்றார். இடது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி வாசல். கூப்பிட்டால் கேட்கும் தூரம். உயிர் இருந்தால் அங்கே போயாக வேண்டும். இல்லையென்றால், அந்த வாசலுக்குள் போனதும் எதையோ எழுதுவார்கள், யாருக்கோ போன் போகும், வெள்ளைத் துணி வரும்.

சிக்னலில் வண்டி நின்றது. அவள் சால்வையை விலக்கி, ஹெலன் வைத்த இடத்தில் மூன்று விரல்களை வைத்தாள்.

துடித்தது.

"பாய்! பாய், அடிக்குது!"

வாஹித் பாஷா பதறித் திரும்பினார். மேகலா இன்னொரு கையை சீட்டின் மேல் ஊன்றினாள். சீட்டும் அதேபோல அதிர்ந்தது. கதவும் அதிர்ந்தது.

"வண்டிய ஆஃப் பண்ணுங்க."

"நடு ரோட்லயா?"

"ஆஃப் பண்ணுங்க பாய்."

அவர் சாவியைத் திருப்பினார். அதிர்வு நின்றது. சிக்னல் பச்சைக்கு மாறியது; பின்னால் ஹாரன்கள் அலறின. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலை அழுத்தினாள். இன்னும் துடித்தது. சின்னதாக, வேகமாக. இன்னொரு கையால் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் துடித்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இரண்டும் ஒன்றாகவே அடித்தன.

போலீஸ்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். வாஹித் பாஷா இறக்கினார்.

"இன்னா பாய், வண்டி நின்னுடுச்சா? யாரு, பேஷண்டா?" அவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். "லெப்டுல போங்க, நான் வழி பண்ணித் தர்றேன். எடுங்க, எடுங்க."

மேகலா கிருஷ்ணராஜின் கையை மெதுவாக அவர் மடியிலேயே வைத்தாள். கழன்றிருந்த மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டாள்.

"காட்டிட்டு வீட்டுக்குத்தாங்க போறோம்" என்றாள்.

போலீஸ்காரர் தள்ளி நின்றார். வாஹித் பாஷா வண்டியைக் கிளப்பி, கண்ணாடியில் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு, வலது பக்கத்து இண்டிகேட்டரைப் போட்டார். அது டிக், டிக் என்று அடிக்கத் தொடங்கியது. எதிரே வந்த பஸ் ஒன்று போகும்வரை காத்திருந்தார்கள். ஒரே சீராக அது அடித்துக்கொண்டிருந்தது. பஸ் போனது. கார் ஹைவே பக்கம் திரும்பி நேரானது. ஸ்டியரிங் பழைய நிலைக்கு வந்தபோது சத்தம் தானாக நின்றது.