ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் பாடிய பாட்டு

"ஃபேன்?"

"ஆஃப்."

"டியூப்லைட்?"

"ஆஃப்."

"ஃபிரிட்ஜ்?"

"அதுவும் ஆஃப். சீக்கிரம் ஆரம்பிங்க, வேர்த்து ஊத்துது."

பட்டாபிராம் குவார்ட்டர்ஸில் வேதமுத்துவும் ஜெயசீலியும் பாட்டுப் பதிவு செய்வது இப்படித்தான். பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். தபேலா, வயலின் எல்லாவற்றையும் கழித்துவிட்டு இஸ்திரி மேசைமேல் அவனுடைய கீபோர்டு, எதிரே அவள் குரல், நடுவில் டவலில் சாய்த்த போன், அவ்வளவுதான். ஃபிரிட்ஜின் முனகல்கூடப் பதிவில் விழுந்துவிடும். அதனால் தொடங்குவதற்கு முன் சர்ச் ஆராதனையில் பதில் சொல்வதுபோல அவன் கேட்க, அவள் சொல்வாள். முடித்தபின் அப்படிக் கேட்கிற வழக்கம் மட்டும் இல்லை.

அன்று மூன்றாவது டேக் அபாரமாக அமைந்தது. கேட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோதே வாசலில் பக்கத்து வீட்டு ஆட்டோ பூபாலனின் ஹாரன்.

"அண்ணாத்தே, ஊட்டுல கச்சேரியா? ரயிலு உங்களுக்கோசரம் நிக்காது, வா வா!"

மகள் ஜெபிஷாவையும் பெட்டிகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு நாசரேத்துக் கல்யாணத்துக்குப் போனார்கள்.

நாலு நாள் கழித்துத் திரும்பியபோது ஜெயசீலிதான் முதலில் சமையலறைக்குள் போனாள். தரையெல்லாம் தண்ணீர். ஃபிரிட்ஜைத் திறந்ததும் புளித்த மாவு வாடை முகத்தில் அடித்தது. கதவுத் தட்டில், அடுத்த மாதத்துக்காக வைத்திருந்த ஜெபிஷாவின் இன்சுலின் பாட்டில்கள். ஒன்றைத் தொட்டாள். பூட்டிய வீட்டின் மே மாதச் சூடு அதில் அப்படியே இருந்தது.

"என்ன நாத்தம்?" என்றான் முன்னறையிலிருந்து.

"மாவு... புளிச்சுப் போச்சு."

சுவிட்சைப் போட்டாள். 'சீல் பிரிக்காத பாட்டில், ஒண்ணும் ஆகாது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னால், 'புள்ளையைவிட உனக்குப் பாட்டு பெருசா?' என்பான். கீபோர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான். நாளைக்கு வேறு வாங்கிவிடலாம்.

மறுநாள் அவள் வாங்கவில்லை. ஃபிரிட்ஜ் குளிர்ந்துவிட்டது. பாட்டில்களும் குளிர்ந்து, பார்க்கப் புதுசுபோலவே இருந்தன.

ஊருக்குக் கொண்டுபோன பாட்டில் தீர்ந்து, புதன் சாயங்காலம் ஜெபிஷா புதுப் பாட்டிலைப் பிரித்தாள். பன்னிரண்டு வயது, ஏழு வயதிலிருந்து ஊசி. ராத்திரி சுகர் முந்நூற்றுப் பத்து. வியாழன் காலை நானூற்று நாற்பது.

"லட்டு தின்னியா?" என்றான் வேதமுத்து.

"இல்லப்பா."

"கல்யாண வீட்டுப் பை அலமாரியிலதானே கெடக்கு?"

"பிரிச்சே பாக்கலப்பா. சத்தியமா."

"சத்தியம் பண்ணாத. உன் வயசுல நானும் திருடித் தின்னவன்தான். ஊசி சரியாப் போட்டியா?"

"போட்டேன்."

"இன்னும் நாலு யூனிட் போடு."

போட்டாள். ஜெயசீலி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மருந்து ஃபிரிட்ஜுலதானே இருந்துச்சு?" என்று வேதமுத்து அவளைக் கேட்டான்.

"ஃபிரிட்ஜுலதான் இருந்துச்சு." வார்த்தை தடுக்காமல் வந்தது.

பதினொரு மணிக்கு ஜெபிஷா வாந்தி எடுத்தாள். வாயில் அழுகின பழ வாடை. மூச்சு ஓடிவந்தவளுடையதுபோல வாங்கியது. சுகர் மிஷினில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவு என்று 'ஹை' என எழுத்து விழுந்தது.

"உண்மையச் சொல்லு பாப்பா, அடிக்க மாட்டேன். எத்தனை தின்ன?"

"அம்மா, நீயாவது சொல்லும்மா..."

"இன்னொரு ஆறு யூனிட் போடுவோம்" என்று வேதமுத்து சிரிஞ்சை எடுத்தான்.

"போடாதீங்க!"

"என்ன?"

"அது மருந்தே இல்ல. வெறும் தண்ணி. கெட்டுப்போச்சு. பாட்டு எடுக்க ஃபிரிட்ஜை அணைச்சேன்ல, போடல. நாலு நாளும் போடல."

சிரிஞ்சு அவன் கையிலேயே நின்றது. அடுத்த கணம் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

"பூபாலா!"

"இன்னா அண்ணாத்தே, புள்ளைக்கு இன்னா ஆச்சு? குந்து, குந்து. அக்கா, தலைய கெட்டியா புட்ச்சிக்கோ."

ஆட்டோவில் ஜெபிஷா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "அம்மா, நான் திங்கலன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு. தூங்காத. பேசிக்கிட்டே வா."

"தூக்கம் வருதே."

"தூங்காத! ஜெபி! ஏதாவது சொல்லு."

ஜெபிஷாவின் தலை அவள் கையில் துவண்டது. பூபாலன் சிக்னலைப் பார்க்காமல் வண்டியை விட்டான்.

ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்திவிட்டார்கள். டாக்டர் பெண் ஒருமுறை வெளியே வந்தாள். "டிரிப்ஸுல இன்சுலின் போகுது. மூச்சு இன்னும் சரியாகல. எத்தனை மணி நேரமா வேலை செய்யாத மருந்து போட்டீங்க?"

"நேத்து சாயங்காலத்துலேருந்து" என்றாள் ஜெயசீலி.

டாக்டர் உள்ளே போனாள். வேதமுத்து சுவரைப் பார்த்தபடி கேட்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஊர்லேருந்து வந்த அன்னிக்கே."

அவன் எழுந்து, நாலு நாற்காலி தள்ளிப் போய் நின்றான்.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் தலையை நீட்டினாள். "ஐநூத்தி எண்பது."

"கொறையுதா சிஸ்டர்?"

"இப்பத்தாம்மா நம்பரே வந்திருக்கு. இன்னும் கண் முழிக்கல. ராத்திரி ஆகும், உட்காருங்க."

ஜெயசீலி உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.