துணிக்குக் காவல்

தென்காசி சாரல் கால்பந்துக் கழகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அருவியில் தண்ணீர் விழும் சீசன் காலத்தில் ஆட்டம் இருந்தால், அன்று காலையில் மொத்த அணியும் ஐந்தருவிக்குப் போக வேண்டும். பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். சின்னப் பையன்கள் கரையில் உட்கார்ந்து துணிமணிக்கும் செல்போனுக்கும் காவல் இருப்பார்கள். இதற்கு மாரிச்செல்வம் வைத்திருந்த பெயர் 'டீம் ஸ்பிரிட்'. கேப்டன் அவன்தான், வைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பையன்கள் ஜெஸ்வினும் கிதிர் முகம்மதும். கல்லூரியில் படிக்கிறார்கள். பயிற்சியில் அவர்கள் காலுக்குப் பந்து போனால் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் இரண்டு வருடமாக அவர்கள் கண்டதெல்லாம் மைதானத்தில் பெஞ்சு, அருவியில் பாறை. மாரிச்செல்வத்துக்கு இது உறுத்தாமல் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே ஆடிவரும் கூட்டாளிகளில் யாரைப் பார்த்து உட்கார் என்பது? அதிலும் கௌரிசங்கரை? அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு இறக்க மாட்டான்.

இறுதிப் போட்டி அன்று காலையில் அருவிக்கரையில் வைத்து ஜெஸ்வின் கேட்டேவிட்டான்.

"அண்ணே, ஆலங்குளம் டீம் மேனேஜர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி எங்க ரெண்டு பேரையும் கூப்பிடுதாரு. இன்னைக்கே பதில் கேக்காரு. இன்னைக்காவது எங்கள எறக்குவீங்களா?"

"பாப்போம்லே" என்றான் மாரிச்செல்வம். இரண்டு வருடமாக இதைத்தான் சொல்கிறான். சொல்லிவிட்டு எண்ணெய்க்கு முதுகைக் காட்டினான். இவர்களும் போய்விட்டால் கழகத்தில் மிஞ்சப்போவது தொப்பைகள்தான் என்பது தன் தொப்பையைத் தடவியபோதே அவனுக்குத் தெரிந்தது.

அன்றைக்கென்று அருவியில் தண்ணீர் அமோகம். ஆசை தீரக் குளித்து எழுந்தபோது எல்லோருக்கும் அகோரப் பசி. புரோட்டாவும் நாட்டுக்கோழிக் குழம்புமாக வெளுத்துக் கட்டினார்கள். வழக்கமாக ஆட்டம் சாயங்காலம்தான். நடுவில் ஒரு தூக்கம் போட்டுவிடுவார்கள். அன்று மழை வரும் என்று பயந்து மத்தியானமே ஆட்டத்தை வைத்துவிட்டார்கள். அதனால் தூக்கத்தை மைதானத்தில்தான் போட வேண்டியிருந்தது.

எதிரணி அதே ஆலங்குளம். இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கியாயிற்று. கௌரிசங்கர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்ட நேரத்தில் பந்து அவனைத் தாண்டிப் போனதை ஊரே பார்த்துச் சிரித்தது. மாரிச்செல்வத்துக்கோ கால் இருக்கிற இடமே தெரியவில்லை. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். குளிக்காத இரண்டு பேர் மட்டும் முழித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"மாப்ளே, நீ உக்காரு" என்றான் கௌரிசங்கரிடம்.

"என்னையா உக்காரச் சொல்லுத?"

"நானும்தாம்லே உக்காருதேன். பையனுவ ஆடட்டும்."

மாரிச்செல்வம் தன் கையிலிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றிக் கோல்கீப்பரிடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். இத்தனை வருடத்தில் அவன் அந்தப் பலகையில் உட்கார்ந்ததே இல்லை. இவ்வளவு கடினமாக இருக்கும் என்று யார் கண்டார்கள். கௌரிசங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான்.

பையன்கள் இருவரும் இறங்கியதும் ஆட்டத்துக்கு உயிர் வந்தது. ஜெஸ்வின் இடது ஓரத்தில் இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தைத் தூக்கிவிட, கிதிர் எகிறித் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினான். முதலில் துள்ளிக் குதித்தது கௌரிசங்கர்தான். குதித்த வேகத்தில் முந்தின நாள் மழைச் சகதியில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே "போடுலே அப்படி!" என்று கத்தினான்.

அதற்கு மேல் கோல் விழவில்லை. கோப்பை ஆலங்குளத்துக்குப் போனது. உடம்பெல்லாம் சகதி என்பதால் சாயங்காலம் எல்லோரும் மறுபடியும் ஐந்தருவிக்கே போனார்கள். வழக்கம்போல ஜெஸ்வின் பைகளைப் பொறுக்கிக்கொண்டு பாறைப் பக்கம் நடந்தான். மாரிச்செல்வம் அவற்றைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"போய்க் குளிங்கலே ரெண்டு பேரும்."

கௌரிசங்கர் பையன்களின் கழுத்தில் கைபோட்டு இழுத்துக்கொண்டு போனான்.

மாரிச்செல்வம் பாறையில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஜெஸ்வினின் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் ஆவுடைநாயகம். அமுக்கிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? விரல் சிவப்புப் பொத்தான் வரைக்கும் போயும்விட்டது. பிறகு அவனுக்கே அது அசிங்கமாகப் பட்டது. பைகளோடு எழுந்து, போனைத் துண்டால் மூடிக்கொண்டு, சாரல் முகத்தில் அடிக்க அருவிக்குப் பக்கத்திலேயே போனான்.

"ஏலே ஜெஸ்வின், ஆவுடைநாயகம் அண்ணாச்சி கூப்பிடுதாரு!"

ஜெஸ்வின் தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டி, பக்கத்தில் நின்ற கிதிரைப் பார்த்தான். கிதிர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அருவிக்குள் போய்விட்டான்.

"கை ஈரமா இருக்குண்ணே. நாங்க இங்கனயே இருக்கோம்னு நீங்களே சொல்லிருங்க."

மாரிச்செல்வம் அருவிச் சத்தத்திலிருந்து தள்ளி வந்து துண்டை விலக்கினான். இன்னும் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"அண்ணாச்சி, நான் மாரிச்செல்வம் பேசுதேன். பையனுவ எங்கயும் வரலையாம். ரெண்டு பேரும் குளிச்சிக்கிட்டு இருக்கானுவ."

"அவனுவ போன வச்சிக்கிட்டு நீரு அங்கன என்னவே பண்ணுதீரு?"

"துணிக்குக் காவல் இருக்கேன் அண்ணாச்சி" என்றான் கேப்டன்.