மின்வெட்டு நாளின் தண்ணீர்

மின்வெட்டு வந்த நாட்களில்தான் தண்ணீர் காணாமல் போனது. மின்வெட்டில்லாத ஞாயிற்றுக்கிழமை கணக்கு சரியாக இருந்தது. குழாயில் கசிவில்லை, தரையில் ஈரமில்லை. மோகனப்ரியாவுக்குப் பிடிபடவே இல்லை.

அது 2008. ஓசூர் சிப்காட்டில், வங்கிகளின் கணினிகள் ஓயாமல் ஓடும் ஒரு கட்டடத்தைக் குளிர்விப்பது அவள் பொறுப்பு. கணினிகளின் சூட்டை வாங்கிய தண்ணீரைப் பம்பு மொட்டைமாடிக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றும். அங்கிருந்து அது தூறலாக விழும். கொஞ்சம் ஆவியாகி, சூட்டையும் தன்னோடு கொண்டுபோகும். மீதி ஆறி, அடித்தொட்டியில் சேரும். தொட்டியில் மட்டம் குறைந்தால் மிதவை தாழ்ந்து, ஆழ்துளைக் கிணற்றின் போர்த்தண்ணீரைத் திறந்துவிடும்.

சுற்றுவட்டாரக் கிணறுகள் வற்றியதால் அதிகாரிகள் போரிலிருந்து எடுக்கும் தண்ணீருக்கு அளவு விதித்திருந்தார்கள். இன்னொரு முறை மீறினால் போருக்கு சீல் வைத்துவிடுவார்கள். தண்ணீரை நிறுத்தினாலோ கணினிகள் சூடேறி அணைந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"பேய் வந்து குடிக்குதோ என்னமோ மேடம்," என்றார் பம்பு பார்க்கும் ஆஞ்சப்பன், மொட்டைமாடியில் தொட்டிமேல் குனிந்தபடி.

"பேய்க்கும் ஒரு மீட்டர் வெச்சுடலாம். அந்த மிதவைய என்ன பண்றீங்க?"

"தூக்கிக் கட்டறேன். கரண்டு போறதுக்குள்ள ரொப்பி வெச்சுக்கணும்ல? எங்க ராயக்கோட்டைல எல்லார் வூட்லயும் இதான் பண்ணுவோம்."

தொட்டி விளிம்புவரை தளும்பியது. அறிவித்திருந்த நேரத்துக்குக் கரண்ட் போனது. கணினிகளைப் பேட்டரி தாங்கும், பம்பு நின்றுவிடும். ஆஞ்சப்பன் வழக்கம்போல ஜெனரேட்டருக்கு ஓடினார். வழக்கமாக அவளும் ஓடுவாள். இன்று நின்றாள்.

பம்பு நின்றும் தூறல் நிற்கவில்லை. மேல்குழாய்களில் இருந்த தண்ணீரெல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தது. நிறைந்த தொட்டியில் அதற்கு இடமேது? உபரிக்குழாய் வழியே கடகடவென்று நிலத்தடிச் சாக்கடைக்குப் போனது. ஜெனரேட்டர் எழுந்ததும் பம்பு காலிக்குழாய்களை மறுபடி நிரப்பியது, தொட்டி தாழ்ந்தது, போர்த்தண்ணீர் திறந்துகொண்டது.

"ஆஞ்சப்பன், பேய் கெடச்சிடுச்சு. நீங்கதான்!" என்றாள், அவர் திரும்பி வந்ததும்.

"ஐயய்யோ, நானா மேடம்?"

அவள் மிதவையை ஒரு முழம் இறக்கிக் கட்டினாள். அடுத்த மின்வெட்டில் மேலிருந்து இறங்கிய தண்ணீர் தொட்டிக்குள்ளேயே அடங்கியது; உபரிக்குழாய் காய்ந்து கிடந்தது. பம்பு நிற்கும்போது இறங்கிவரும் தண்ணீருக்குத் தொட்டியில் இடம் விட்டுவைக்க வேண்டும்; அவ்வளவுதான்.