செருப்பைக் கழற்றிவிட்டு வந்த கள்ளர்கள்

இடைவேளைக்கு முன்பே உலகம்மைக்குப் படம் அலுத்துவிட்டது.

"கள்ளனுவ செருப்பக் கழத்திப் போட்டுட்டா வீட்டுக்குள்ள வருவானுவ?" என்று பக்கத்தில் இருந்த மருமகனிடம் கேட்டாள்.

சுதீஷுக்குக் காரணம் தெரியும். படம் எடுத்தது கழக்கூட்டத்தில், அவன் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில். சினிமாக்காரனானாலும் செருப்புக்காலோடு உள்ளே வரக்கூடாது என்று வீட்டுக்காரர் ராமசுப்ரமணியன் ஒரே பிடியாக நின்றுவிட்டார். ஆகவே முகமூடி, அரிவாள், வெறுங்கால். அன்று நீது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நீது அவன் மனைவி. உலகம்மையின் ஒரே மகள். ஆவணியில் ஒரு காய்ச்சல் வந்து கொண்டுபோய்விட்டது. துக்க வீட்டார் வருஷம் திரும்பாமல் கொட்டகைக்கு வரக்கூடாது. கண் டாக்டரிடம் போவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டுத் தம்பானூர் கொட்டகைக்கு ஆட்டோ பிடித்து வந்திருந்தாள் உலகம்மை. "அம்மா, நான் ஒரு சினிமாவுல உண்டு. என்னவா வாறேன்னு சொல்லமாட்டேன், போய்ப் பாரு" என்று மகள் போனில் சொல்லியிருந்தாள்.

பிணமாக வருகிறாள். கொலையான வேலைக்காரியாக நடிக்க வேண்டியவள் வராததால், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நீதுவை அடுக்களைத் தரையில் படுக்கவைத்துக் கழுத்தில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். இதை அத்தையிடம் எப்படியாவது சொல்லிவிட நினைத்தான். வாய் வரவில்லை. மகளை ஒருமுறை கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தவள். அந்தக் காட்சி வருவதற்குள் வெளியே கூட்டிப்போய்விட வேண்டும்.

"போலாமா அத்தை? படம் நல்லால்ல, கொள்ளாது."

"கொள்ளாதுதான். எம்பிள்ள வரட்டு, போலாம்."

"வெட்டி எடுத்திருப்பாங்க."

"எடுத்தா எடுத்தானுவ. டிக்கெட் எடுத்தாச்சுல்லா?"

இடைவேளையில் காப்பி குடிக்கக் கூப்பிட்டான். அதற்கும் எழவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க மாப்ள. நான் எந்திரிச்ச நேரத்துல அவ வந்துட்டுப் போயிட்டா?"

இரண்டாம் பாதி முதல் பாதியைவிட மோசம். கதாநாயகி கையில் போன் இருக்கிறது, பின்வாசல் கொண்டி திறந்து கிடக்கிறது. அவளோ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தாள். "சேட்டா, கட்டிலின்டெ அடியில்!" என்று பின்வரிசைப் பையன்கள் மலையாளத்தில் கள்ளனுக்கு வழி சொன்னார்கள். உலகம்மை அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுக்களைக் கதவு வந்தது.

சுதீஷ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "அத்தை, எனக்குத் தலை சுத்துது. வாங்க, வெளிய போவோம்."

"தலையக் குனிஞ்சு இரிங்க, மாறிரும்" என்றாள், கண்ணைத் திருப்பாமல்.

அவன் குனிந்தான். தரையில் யாரோ சிந்திய பாப்கார்ன் கிடந்தது. கதவு கிறீச்சிட்டது. வயலின் அலறியது. அவன் பிடித்திருந்த மணிக்கட்டு மரக்கட்டையாக இறுகியது. அவன் நிமிரவில்லை.

"எடா, சவம் ஸ்வாசம் விடுந்நு!" என்றது பின்னால் ஒரு குரல்.

"ஆம்புலன்ஸ் விளியெடா!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு, விசில். அவன் தலையைத் தூக்கியபோது கதாநாயகன் ஏதோ ஒரு ரோட்டில் மழையில் ஓடிக்கொண்டிருந்தான்.

"வயிறு பொங்கிப் பொங்கித் தாழுது மாப்ள" என்றாள் உலகம்மை. குரல் சீராகத்தான் இருந்தது. "சின்னதிலயும் இப்பிடித்தான். தூங்குத மாதிரி கெடப்பா, ஒடனே பிடிபட்டுருவா. மூச்சடக்கத் தெரியாது அவளுக்கு. பாத்தீங்கல்லா?"

"பாத்தேன்."

"மூச்சு விட்டால்லா? உள்ளதுதானே?"

"ஆமா அத்தை."

பையன்கள் இன்னும் அடங்கவில்லை. அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"வயித்தத்தான் பாத்தேன். மொகத்தக் காட்டுததுக்குள்ள எனக்குக் கண்ணு நெறஞ்சிட்டு. மொகம் எப்பிடி இருந்து மாப்ள?"

அவன் திரையைப் பார்த்தான். நாயகன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து காத்திருந்தாள்.

"கண்ண மூடிக் கெடந்தா, அத்தை" என்று தொடங்கினான்.